குழியில் கிடந்த தீர்ப்பு

ஸ்பீல்பெர்க் படத்தை வைத்து 1982இல் அடாரி 2600 கன்சோலுக்கு வந்தது 'ஈ.டி.'. விமர்சகர்கள் பலர் அதை ஆக மோசமான வீடியோ கேம் என்றார்கள். பாத்திரம் குழியில் விழும். ஏறினால் மறுபடி விழும். குறை நிஜந்தான். ஆனால், நிரல் எழுதிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்ததோ சுமார் ஐந்தே வாரம். கிறிஸ்துமஸ் சந்தைக்குச் சரக்கு வேணும். அதற்குள்ளும், சுடுதலே இல்லாத, தேடலை மையமாக்கிய பிரதி ஒன்றை உருவாக்கினார். அந்த வலிமையைத் தீர்ப்பு விழுங்கிவிட்டது.

1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தபோது பழியும் இதன் தலையில்தான். அவ்வாண்டு அடாரி புதைத்த சரக்கை 2014இல் நியூ மெக்ஸிகோவின் அலமொகோர்டோவில் தோண்டினார்கள். நன்றாக விற்ற 'சென்டிபீட்'டும் கூடவே கிடந்தது. தரம் பார்த்தா புதைத்தார்கள்? மிகை உற்பத்தியைப் புதைத்தார்கள். ஆட்டத்தை மட்டுமே அளக்கும் விமர்சனம் மூலதனத்தைத் தப்பவிடுகிறது என்றே நான் வாசிக்கிறேன்.