காலப்பிரமாணம் தவறாத கணினி: இசையமைப்புக் கருவித் தேர்வின் வரலாறு

இசையமைப்பாளர்கள் கணினி வாங்கிய வரலாற்றைப் பார்த்தால், வேகமான இயந்திரத்தைத் தேடியதைவிடத் தாளம் பிசகாத இயந்திரத்தையே அவர்கள் அதிகம் தேடியிருக்கிறார்கள். கை பழகிய மென்பொருள் எதுவோ, அது ஓடும் பெட்டியை வாங்கியிருக்கிறார்கள். 1983 முதல் நடந்த மாற்றங்களை இவ்விரண்டையும் கொண்டே பெரும்பாலும் விளக்கிவிடலாம் என்று கருதுகிறேன்.

அந்த ஆண்டு ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரண்டு சிந்தசைசர்களைக் கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றின் கட்டையை அழுத்தினால் மற்றதும் ஒலித்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய ‘மிடி’ இதுதான். மிடி ஒலியைச் சுமப்பதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பை மட்டும் அனுப்புகிறது. அதன் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்தைத் தொடங்கும் மூன்று பைட் கட்டளை போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லிநொடி ஆகும். இவ்வளவு இலகுவான சுமையை வீட்டுக் கணினியே தாங்கிவிடும். ஆனால் குறித்த நேரத்தில் தவறாமல் அனுப்ப வேண்டும். அங்கேதான் பல கணினிகள் தடுமாறின.

1985இல் வந்த அடாரி எஸ்டி வென்றது இந்த இடத்தில். மிடி உள்ளே வரவும் வெளியே போகவும் அதன் பெட்டியிலேயே போர்ட்டுகள் இருந்தன. மெக்கின்டாஷுக்கும் ஐபிஎம் கணினிக்கும் அதற்கெனத் தனிக் கருவியோ கார்டோ வாங்க வேண்டியிருந்தது. அடாரியில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். அலுவலக வேலைக்கு அது குறை. இசைக்கு அதுவே பலம், ஏனெனில் தாளத்தின் நடுவே குறுக்கிட வேறு வேலை இல்லை. மிடி குறிப்புகளைப் பதிந்து திருத்தும் ‘சீக்வென்சர்’ மென்பொருளான கியூபேஸை ஹாம்பர்க் நகரின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989இல் அடாரிக்காகவே வெளியிட்டது. டிராக்குகளை மேலிருந்து கீழாக அடுக்கி, காலத்தை இடமிருந்து வலமாக ஓடவிட்ட அந்தத் திரையமைப்பை இன்றைய இசை மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில் காணலாம். அடாரி உற்பத்தி நின்ற பின்னும், மிடிக்காக மட்டுமே அந்தப் பழைய பெட்டியைப் பல ஒலிப்பதிவுக் கூடங்கள் வைத்துக்கொண்டிருந்தன. எட்டு மெகாஹெர்ட்ஸ் இயந்திரம் அது!

கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் தம் வீட்டை ஒட்டி ‘பஞ்சதன் ரெகார்ட் இன்’ கூடத்தை அமைத்ததும் அதே 1989இல்தான். சீக்வென்சர் பதிந்து வைத்ததை நள்ளிரவிலும் திருத்தலாம். வாத்தியக்காரர் அனைவரையும் ஒரே நேரத்தில் கூடத்தில் உட்காரவைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. 1992இல் ‘ரோஜா’ வந்தபோது தமிழ்நாடே கேட்டது இந்த வேலைமுறையின் பலனை.

உண்மையான ஒலியைக் கணினிக்குள் பதிவது வேறு கதை. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்குச் சுமார் 10 மெகாபைட் வேண்டும். அன்றைய ஹார்டு டிஸ்க் சில நிமிடங்களிலேயே நிரம்பிவிடும். 1991இல் வந்த புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் தனி கார்டுகளின் துணையோடுதான் இதைச் செய்தது. 1996இல் கியூபேஸ் விஎஸ்டி, எதிரொலி போன்ற வேலைகளைக் கணினியின் சொந்தச் செயலிக்கே கொடுத்தது; 1999இல் சிந்தசைசரே, மென்பொருளுக்குள் செருகும் பிளக்-இன்னாகத் திரைக்குள் குடியேறியது. அதன்பின் வாங்குபவர் பார்க்க வேண்டியது தாமதத்தை. ஒலியைச் சிறிது சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 512 மாதிரிகளாக வைத்தால் ஒலி வெளிவர ஏறக்குறைய 12 மில்லிநொடி. மேடையில் நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருடன் சேர்ந்து வாசிப்பதற்கு இது சமம். மிருதங்கம் வாசித்தவர்களுக்கு அந்தத் தூரம் உடனே புரியும்.

மென்பொருள் இயந்திரத்தைத் தீர்மானிக்கும் என்பதற்கு 2002 கடுமையான சான்று. ஈமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. அந்நிறுவனத்தின் இசை மென்பொருளான லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது. அதில் பழகியவர் ஒன்று மெக் வாங்க வேண்டும், இல்லையேல் வேறு மென்பொருளை முதலிலிருந்து கற்க வேண்டும்.

நமது கர்நாடக இசைக்கு உள்ள சிக்கல் இவை எவற்றிலும் தீரவில்லை. மிடியின் 128 சுர எண்களும் அரைச்சுர இடைவெளியில் அமைந்தவை. கமகத்துக்குச் சுரத்தை வளைக்கும் சக்கரம் உண்டு. அதற்கு 16,384 படிகள் இருப்பதால் நுட்பம் போதவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வளைவு சேனல் முழுவதற்கும் பொருந்தும். சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைத்தால் சட்ஜமும் சேர்ந்தே அசையும். 2018இல் ஏற்கப்பட்ட எம்பிஇ முறை ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தந்து இதைச் சரிசெய்தது. 2020இன் மிடி 2.0, சுரத்துக்குச் சுரம் தனி வளைவை மொழியிலேயே சேர்த்தது. இருந்தும் கீபோர்டு, மென்பொருள், உள்ளே ஒலிக்கும் பிளக்-இன் மூன்றும் இதை ஏற்றால்தான் பயன். கர்நாடக இசைக்காகக் கருவி வாங்குபவர் கடையிலேயே ஒரு விரலில் சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு, மறுவிரலில் அந்தக் காந்தாரத்தை அசைத்துக் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்கலாம்.