47 வாசகசாலைகளும் ஒரு திவானும்

நூலக இயக்க வரலாறு நம்மிடையே பெரும்பாலும் 'தந்தை'களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவுக்கு ரங்கநாதன், கேரளத்துக்கு பி.என். பணிக்கர். ஒருவருக்குப் பிறந்த நாள், இன்னொருவருக்கு நினைவு நாள், இருவருக்கும் மாலை. இந்தக் கதையாடலில் காணாமல் போகிறவை வாசகசாலைகள்தான். ஒரு அறை, ரெண்டு பெஞ்சு, பூட்டுப்போட்ட அலமாரி என்று கிடந்தவை எப்படி ஒரு வலைப்பின்னலாக மாறின என்பதை யாரும் கேட்பதில்லை.

1945 செப்டம்பர் 14 அன்று அம்பலப்புழையில், பி.கே. நினைவு நூலகத்தில், 47 உள்ளூர் நூலகங்கள் கூடி அகில திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தை அமைத்தன. கூட்டியவர் பள்ளி ஆசிரியரான பணிக்கர். தொடங்கி வைத்தவர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். ஒரு வருஷத்துக்குச் சற்றே கூடுதலாகக் கழித்து, 1946 அக்டோபரில், அதே வட்டாரத்தில் புன்னப்பிராவிலும் வயலாரிலும் தொழிலாளர்களைச் சுட்டுத் தள்ளியது இதே திவானின் அரசு.

பணிக்கர் திவானிடம் விலைபோனார் என்றோ, திவான் உள்ளூர அறிவுப்பற்று உள்ளவர் என்றோ முடித்துவிடுவது சுலபம். இரண்டுமே சோம்பேறித்தனமான வாசிப்பு. தனித்தனியாகக் கிடக்கும் வாசகசாலை அரசின் கண்ணுக்குச் சந்தேகத்துக்குரிய இடம். வடக்கே மலபாரில் முப்பதுகளிலேயே வாசகசாலையும் விவசாயிகள் சங்கமும் கைகோத்து நடந்ததை திருவிதாங்கூர் அறியாமல் இருந்திருக்க முடியாது. சங்கமாகச் சேர்ந்ததும் அதற்கு ஒரு பெயர் வருகிறது, மானியம் கேட்கும் உரிமை வருகிறது. பதிலுக்குப் பதிவேடு, கணக்கு, தரவரிசை, ஆய்வு எல்லாம் வருகின்றன. ஃபூக்கோவைப் படித்தவர்கள் இங்கே 'கண்காணிப்பு' என்று உடனே குறித்துக்கொள்வார்கள். சரிதான், ஆனால் பாதிதான் சரி. பதிவேட்டை எழுதியவரும் வாசகர், அதைத் தட்டிக் கேட்டவரும் வாசகர். உறுப்பினர்கள் தம் நூலகத்துக்கு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்கு என்பது மேலே அனுப்பும் காகிதம் மட்டுமல்ல, ஊருக்குச் சொல்லியாக வேண்டிய பதிலும்கூட.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு விலகுகிறது. 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. கிளை நூலகம் நன்கொடைக்குக் கையேந்த வேண்டாம். ஆனால் வரி கட்டுகிறவனுக்கு நூலகத்தில் ஓட்டு இல்லை. முன்பணம் கட்டி அட்டை வாங்குகிற 'உறுப்பினர்' வெறும் இரவலாளர். என்ன புத்தகம் வரும் என்பதும் அவர் கையில் இல்லை. பதிப்பாளர்கள் வாசகரை விட்டு நூலக ஆணையைப் பார்த்து அச்சடிக்கிற பண்பாடு சும்மா வரவில்லை. 1956-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்தன. மொழி எல்லையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். அன்று ஒரு நூலக முறையிலிருந்து இன்னொன்றுக்கும் சேர்த்துத்தான் அவை மாறின என்பதை எழுதவில்லை.

கேரளத்தைப் பொன்னுலகமாக்க வேண்டாம். சங்கம் 1975-இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருதைப் பெற்றது. 1977-இல் அரசு அதைக் கையகப்படுத்தியது. 32 வருஷம் செயலாளராக இருந்த பணிக்கர் எழுத்தறிவு வேலைக்குப் போனார். 1989-இல் சட்டம் வந்து, 1994-இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட நூலகக் கவுன்சில் பொறுப்பேற்றது. அதாவது வலைப்பின்னலை அரசு விழுங்கியது, வாசகர்கள் தேர்தல் வழியாக அதில் ஒரு பகுதியை மீட்டார்கள். அங்கே 'கட்சி புகுந்துவிட்டது' என்று புலம்புகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். கட்சி புகாத இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்? அதிகாரி.

நம்மிடமும் வாசகசாலைகள் இருந்தன. திராவிட இயக்கப் படிப்பகங்கள், இடதுசாரி மன்றங்கள், தினசரி படித்துக்காட்டிய முடிதிருத்தகங்கள். ஒன்று சேர்வதற்கான ஆட்களும் ஆசையும் குறைவில்லை. பிறகு ஏன் ஓர் அம்பலப்புழை நடக்கவில்லை? என் கருத்து இது: கட்சிகளுக்குப் படிப்பகம் தம் கிளையாக இருந்தால் போதுமானதாக இருந்தது. சட்டமோ, கீழிருந்து கேட்க வேண்டிய அவசியத்தையே இல்லாமல் செய்துவிட்டது. கேட்காமல் கிடைத்த நூலகத்தை நாம் நம்முடையதாக நினைக்கவே இல்லை. அதனால்தான் ஊரில் கிளை நூலகம் பூட்டிக் கிடந்தால் ஊர் கேட்பதில்லை, மனு மட்டும் போடுகிறது.