கடை வாசலின் மௌனம்

2018 டிசம்பரில் டெக்சாஸில் இருக்கும் சித்தி மகள் வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய மளிகைக் கடையில் கேஷியர். ஒருநாள் பால் வாங்கப் போனபோது கடைக் கதவில் ஒரு பலகையைப் பார்த்தேன். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய பெரிய எழுத்து. தீயணைப்பு அறிவிப்பு என்று நினைத்து உள்ளே போயிருப்பேன். எண்ணைப் பார்த்து நின்றுவிட்டேன். தண்டனைச் சட்டம் பிரிவு 30.07-ன்படி, கைத்துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்கள்கூட அதை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு இந்த இடத்துக்குள் வரக்கூடாது. இதுதான் சாரம்.

ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டேன். "உங்க கடைல துப்பாக்கியே கூடாதா?"

"இல்லண்ணா, சட்டைக்குள்ள மறைஞ்சு இருந்தா பரவால்ல. அதைத் தடுக்கணும்னா 30.06-னு வேற போர்டு வைக்கணும். அது எங்க கடைல வைக்கல."

"போர்டைப் பார்த்துட்டும் ஒருத்தன் இடுப்புல தெரியற மாதிரி வச்சுக்கிட்டு வந்தா?"

"மேனேஜர் பேசுவாரு. ஆனா முன்னாடி வேலை பார்த்த கடைல போர்டே கிடையாது. அங்க யாராச்சும் சொல்லணும்னா நாந்தான் சொல்லணும். நான் சொன்னதே இல்ல."

இந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. ஊர் திரும்பிய பிறகு நேரம் கிடைத்தபோதெல்லாம் படித்து எடுத்த குறிப்புகளிலிருந்துதான் இந்தக் கட்டுரை. கேள்வி சின்னதுதான். கடைக் கதவு எதுவும் சொல்லாமல் இருந்தால், அதற்கு என்ன அர்த்தம்? நம் ஊரில் "மௌனம் சம்மதம்" என்போம். அமெரிக்காவில் இந்த ஒரு விஷயத்தை வைத்துப் பல வருஷமாகச் சண்டை நடக்கிறது.

சந்தைக்கு ஆயுதத்தோடு வராதே

கடைத்தெருவுக்கு ஆயுதத்தோடு போகலாமா என்ற கேள்வி துப்பாக்கியைவிடப் பழசு. 1328-ல் இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்ட் காலத்தில் நார்த்தாம்ப்டன் சட்டம் வந்தது. சந்தைகள், விழாக் கூட்டங்கள், நீதிபதிகள் இருக்கும் இடங்கள் ஆகியவற்றில் ஆயுதம் தாங்கி வரக்கூடாது என்றது. கிட்டத்தட்ட 700 வருஷம் கழித்து, 2022-ல், நியூயார்க்கின் துப்பாக்கி லைசென்ஸ் முறை பற்றிய புரூயன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை எடுத்து அலசியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் அதற்குப் பெரிய எடை தரவில்லை என்பது வேறு விஷயம்.

சினிமாவில் பார்க்கிற கௌபாய் ஊர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடு மதுக்கடைக்குள் நுழைவார்கள், இல்லையா? நிஜத்தில் கன்சாஸின் டாட்ஜ் சிட்டியில் 1870-களின் இறுதியில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. நடுத்தெருவில் ஒரு பலகை: துப்பாக்கி ஏந்துவது கண்டிப்பாகத் தடை. அதற்குக் கீழேயே ஒரு டானிக் விளம்பரம்! அரிசோனாவின் டூம்ஸ்டோனிலும் 1881-ல் ஊருக்குள் ஆயுதம் ஏந்துவதைத் தடுக்கும் உள்ளூர்ச் சட்டம் இருந்தது. அதே வருஷம் அக்டோபர் 26-ல் நடந்த புகழ்பெற்ற ஓ.கே. கொரால் துப்பாக்கிச் சண்டை வெடித்ததற்கு உடனடிக் காரணமே, அந்தச் சட்டப்படி எதிராளிகளின் துப்பாக்கிகளை வாங்கப் போகிறோம் என்று ஏர்ப் சகோதரர்கள் கிளம்பியதுதான்.

இந்த இரண்டு ஊரிலும் சொன்னது ஊர் நிர்வாகம். கடைக்காரர் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிர்வாகம் ஒதுங்கிக்கொண்ட பிறகுதான் பொறுப்பு கடைக்காரர் தலையில் விழுந்தது.

காபிக் கடைக்கு வந்த வம்பு

1967 மே 2-ம் தேதி கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் சுமார் 30 பேர், பலர் கையில் துப்பாக்கியோடு, கலிஃபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் போனார்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடுக்கும் மல்ஃபோர்ட் மசோதாவை எதிர்த்துத்தான் போனார்கள். அந்த வருஷமே மசோதா சட்டமானது. கையெழுத்துப் போட்டவர் அப்போது ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன்.

இதில் ஒரு சந்து இருந்தது. தடை தோட்டா நிரப்பிய துப்பாக்கிக்கு மட்டும். காலித் துப்பாக்கியை இடுப்பில் மாட்டிக்கொண்டு போகலாம். 2010 வாக்கில் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் இதைத்தான் செய்தார்கள். காலித் துப்பாக்கியோடு காபிக் கடைகளில் கூடினார்கள். பீட்ஸ் காபியும் கலிஃபோர்னியா பீட்சா கிச்சனும் வேண்டாம் என்றன. ஸ்டார்பக்ஸ், 'உள்ளூர்ச் சட்டம் எதுவோ அதன்படி நடப்போம்' என்று நடுநிலையாகச் சொல்லிப் பார்த்தது.

நடுநிலை என்று ஒன்று இருப்பதாக அந்த நிறுவனம் நம்பியதுதான் சிக்கல். எதிர்ப்பாளர்கள் 2012 காதலர் தினத்தில் ஸ்டார்பக்ஸைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். ஆதரவாளர்கள் அதே நாளில் கடைக்குப் போய் இரண்டு டாலர் நோட்டாகக் கொடுத்துக் காபி வாங்கினார்கள். துப்பாக்கி உரிமையைச் சொல்லும் இரண்டாவது திருத்தத்தை நினைவுபடுத்தும் நோட்டாம்! "ஸ்டார்பக்ஸ் பாராட்டு நாள்" என்றே கொண்டாட ஆரம்பித்தார்கள். 2013 ஆகஸ்ட் 9-ல் அந்தக் கொண்டாட்டத்துக்கு அவர்கள் போன ஊர்களில் ஒன்று நியூடவுன். எட்டு மாதம் முன்புதான் அங்கே சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். ஸ்டார்பக்ஸ் அன்று அந்த ஊர்க் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டது.

அடுத்த மாதம், செப்டம்பர் 17-ல், நிறுவனத் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் ஒரு திறந்த கடிதம் எழுதினார். எங்கள் கடைக்குத் துப்பாக்கி கொண்டுவராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆனால் இது தடை அல்ல, கோரிக்கை என்றார். காரணமும் சொன்னார். பொறுப்புள்ள துப்பாக்கிக்காரர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்பது ஒன்று. தடை என்று போட்டால், துப்பாக்கியோடு வருகிறவரை எங்கள் ஊழியர்கள் நேருக்கு நேர் நின்று தடுக்க வேண்டிவரும். அந்த வேலையை அவர்களிடம் கொடுக்க முடியாது என்பது இன்னொன்று.

சித்தி மகள் சொன்னதையே ஒரு பெரிய கம்பெனித் தலைவர் ஐந்து வருஷம் முன்னாடி எழுதி வைத்திருக்கிறார். பின்னால் மற்ற கம்பெனிகள் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை இந்தக் கடிதத்தின் வழியில் போனவைதான்.

தோளில் தொங்கினால் தப்பில்லை

டெக்சாஸ் கதை இன்னும் விசித்திரம். துப்பாக்கி என்றாலே டெக்சாஸ் என்று நினைக்கிறோம். ஆனால் 1871-லேயே அந்த மாநிலம் கைத்துப்பாக்கி ஏந்தித் திரிவதைத் தடுத்துவிட்டது. 1990-களின் நடுவில் மறைத்து வைத்துக்கொள்ள லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். வெளிப்படையாக வைத்துக்கொள்வது மட்டும் 2015 முடியும்வரை குற்றம். ரைஃபிளுக்கோ இந்தத் தடை கிடையாது, லைசென்ஸும் வேண்டாம். அதாவது, இடுப்பில் சின்னத் துப்பாக்கி தெரிந்தால் குற்றம், தோளில் பெரிய துப்பாக்கி தொங்கினால் இல்லை.

இந்த முரணைக் காட்டத்தான் 2014-ல் சிலர் ரைஃபிளோடு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். நாங்கள் கேட்பது கைத்துப்பாக்கி உரிமை, அதைக் கொடுக்காததால் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்பது அவர்கள் வாதம். தர்க்கப்படி சரிதான். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தர்க்கம் தெரியாதே! கதவைத் திறந்துகொண்டு ரைஃபிளோடு நுழைகிறவர் சட்டத்தை விளக்க வந்திருக்கிறாரா, சுட வந்திருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

டாலஸில் எடுத்த படங்கள் இணையத்தில் பரவின. ஷேனன் வாட்ஸ் தொடங்கிய அம்மாக்கள் அமைப்பு அந்தப் படங்களையே ஆயுதமாக எடுத்துக்கொண்டது. மே மாதத்தில் சிபோட்லே, சில்லிஸ், சோனிக் எல்லாம் வேண்டாம் என்றன. ஜூலை 2-ல் டார்கெட்டும் சொன்னது. துப்பாக்கி உரிமைக்குப் பெயர்போன தேசிய ரைஃபிள் சங்கமே, இப்படிக் கடைக்குள் ரைஃபிள் தூக்கிக்கொண்டு போவது வினோதம் என்று தன் தளத்தில் எழுதியது. சொந்த ஆதரவாளர்களே கொதித்ததும், அது ஒரு ஊழியரின் தனிப்பட்ட கருத்து என்று சில நாட்களில் பின்வாங்கியது.

2016 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளிப்படையாக வைத்துக்கொள்ளலாம் என்றானது. கூடவே 30.07 பலகையும் வந்தது. அதற்கு எழுத்துக்கு எழுத்து விதி. வாசகம் இதுதான், இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும், எழுத்து குறைந்தது ஒரு அங்குல உயரம், பின்னணியிலிருந்து நிறம் பளிச்சென்று வேறுபட வேண்டும், ஒவ்வொரு வாசலிலும் இருக்க வேண்டும். பலகையை மீறி உள்ளே வந்தால் 200 டாலர்வரை அபராதம். நேரில் சொல்லியும் வெளியேறாவிட்டால் சிறைவரை போகலாம். கம்பெனித் தலைவர் அழகான ஆங்கிலத்தில் வெளியிடும் கோரிக்கைக்கு இந்தச் சட்ட பலம் எதுவும் கிடையாது.

துப்பாக்கி விற்கும் கடையே சொன்னபோது

2019 ஆகஸ்ட் 3-ல் டெக்சாஸின் எல் பாசோ நகர வால்மார்ட்டில் ஒருவன் சுட்டதில் 23 பேர் இறந்தார்கள். ஐந்தே நாளில் மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு இளைஞர் குண்டு துளைக்காத கவசமும் ரைஃபிளுமாக இன்னொரு வால்மார்ட்டுக்குள் நடந்தார். என் உரிமையைக் கடை மதிக்கிறதா என்று சோதித்துப் பார்த்தேன் என்பதுதான் அவர் சொன்ன காரணம். மக்கள் அலறியடித்து ஓடினார்கள்.

செப்டம்பர் 3-ல் வால்மார்ட் தலைவர் டக் மெக்மில்லன், வெளிப்படையாகத் துப்பாக்கி கொண்டுவர வேண்டாம் என்று 'மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்றார். கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையையும் நிறுத்தினார். வேட்டைத் துப்பாக்கி விற்பனை தொடர்ந்தது. குரோகர், சிவிஎஸ், வால்கிரீன்ஸ் அதே வாரத்தில் பின்தொடர்ந்தன. இங்கேயும் சொல் 'கோரிக்கை'தான்.

கடை யாருடையது?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை. தனியார் கடைக்காரரை அல்ல. என் கடை, என் விதி. இவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் 'என் கடை, என் விதி' என்பதற்கு அந்த நாட்டில் இன்னொரு வரலாறு உண்டு. 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபோது, அவர்களுக்குப் பரிமாற மறுத்ததும் கடைக்காரரின் விதிதான். 1964-ன் சிவில் உரிமைச் சட்டம் வந்துதான் அப்படிப்பட்ட விதிகளை நாடு முழுக்க உடைத்தது. ஆக, கதவைத் திறந்து வைத்து வியாபாரம் செய்கிறவரின் உரிமைக்கு எல்லை உண்டு என்பது முடிந்துபோன விஷயம். என்னைப் பொறுத்தவரை வித்தியாசம் இதுதான்: தோலைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியாது, துப்பாக்கியைக் காரில் வைத்துவிட்டு வரலாம்.

காரில் வைப்பதிலும் வம்பு வந்தது. 2002-ல் ஓக்லஹோமாவில் ஒரு காகித ஆலை, நிறுத்துமிடத்தில் நின்ற கார்களுக்குள் துப்பாக்கி வைத்திருந்த தொழிலாளர்களை வேலைநீக்கம் செய்தது. பூட்டிய காருக்குள் இருப்பதை முதலாளி தடுக்கக் கூடாது என்று 2004-ல் மாநிலம் சட்டம் போட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டு 2009-ல் மேல்முறையீட்டில் தோற்றன. இங்கே அணிகள் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள். சொத்துரிமை புனிதம் என்று பொதுவாகப் பேசும் தரப்பு, முதலாளியின் சொத்துரிமையைக் குறைக்கச் சொல்கிறது. கடைக்காரருக்கு எல்லை வேண்டும் என்று பேசும் தரப்பு, கடைக்காரர் பக்கம் நிற்கிறது. இரண்டு பேருக்கும் கொள்கை முக்கியம்தான். துப்பாக்கி அதைவிட முக்கியமாகிவிடுகிறது.

மௌனம் சம்மதமா?

டெக்சாஸில் கடை எதுவும் சொல்லாவிட்டால் 'வரலாம்' என்று அர்த்தம். 2022 தீர்ப்புக்குப் பிறகு ஹவாய் இதைத் தலைகீழாகத் திருப்பியது. 2023-ல் போட்ட சட்டப்படி, பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோக உரிமையாளர் வெளிப்படையாக அனுமதி தந்திருக்க வேண்டும். மௌனம் என்றால் மறுப்பு. இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

ஹவாய் தரப்பு காட்டிய முன்னுதாரணங்களில் ஒன்று 1865-ன் லூசியானா சட்டம். உரிமையாளர் சம்மதமில்லாமல் அவர் இடத்தில் துப்பாக்கி ஏந்தக் கூடாது என்று அது சொல்கிறது. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்களை ஒடுக்கப் போட்ட சட்டத் தொகுப்போடு சேர்ந்தது அது. நிலமெல்லாம் வெள்ளையர் கையில் இருந்த ஊரில் 'உரிமையாளர் சம்மதம்' என்றால் யார் சம்மதம் என்று சொல்லவும் வேண்டுமா?

இவ்வளவு படித்தபின் என் கட்சி என்ன என்று கேட்டால், மௌனத்துக்கு ஏதோ ஒரு அர்த்தம் கொடுத்தே ஆக வேண்டும். அதை முதலிலேயே எழுதி வைப்பது நல்லது என்பேன். பலகையோ சட்டமோ சொல்லாததை, மணிக் கணக்குக்குச் சம்பளம் வாங்கும் ஒரு ஆள் ஒரு துப்பாக்கிக்காரரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கிறது. கோரிக்கை என்ற மரியாதையான சொல்லின் விலையை அவர்தான் கொடுக்கிறார்.

2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயதான பெரும்பாலோருக்கு லைசென்ஸே வேண்டாம். அவர்களைத் தடுக்க 30.05 என்று இன்னொரு பலகை. போன மாதம் சித்தி மகளிடம் போனில் பேசும்போது கடை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கதவு பூரா போர்டுதாண்ணா. கடை எத்தனை மணிக்குத் திறக்கும்னு எழுத இடமில்ல," என்றாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இருக்கட்டும்ணா. அது பேசிடுது. நான் பேச வேண்டாம்" என்றாள்.