எல்லை நகர்ந்தபோது அயலாரானவர்கள்: பர்மாவில் நகரத்தார் நிலங்கள்

வெளிநாட்டில் வீடோ நிலமோ வாங்க எண்ணுவோர், அந்நாட்டுச் சட்டம் அயலாருக்கு உடைமையுரிமை அளிக்கிறதா என்றே முதலில் கேட்கின்றனர். முறைப்படி பெற்ற உரிமை பின்னாளில் நிலைக்குமா என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. தமிழர் வரலாற்றில் அக்கேள்விக்குப் பெரும் விலை கொடுத்தவர்கள், பர்மாவில் நிலம் கொண்டிருந்த நாட்டுக்கோட்டை நகரத்தார்.

1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. ஐராவதிக் கழிமுகத்தின் காடுகளும் சதுப்புகளும் அடுத்த அரை நூற்றாண்டில் நெல்வயல்களாயின. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது அந்த அரிசிக்கு ஐரோப்பியச் சந்தையை அருகாக்கியது. காடு திருத்திய உழவர் 12 ஆண்டுகள் தொடர்ந்து நிலத்தை அனுபவித்து வரி செலுத்தினால், அதை விற்கவும் அடகு வைக்கவும் வழிவழியாக விடவும் உரிமை பெறுவார் என்று 1876ஆம் ஆண்டு நில வருவாய்ச் சட்டம் வகுத்தது. நிலம் இவ்வாறு ஈடு வைக்கத்தக்க பொருளாயிற்று. ஆனால், கழிமுகச் சிற்றூரின் உழவருக்கு ஐரோப்பிய வங்கிகள் கடன் கொடுக்கவில்லை. அந்த இடத்தை நகரத்தார் நிரப்பினர். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். அவரது விலாசத்தின் பெயரில் அதிகாரப் பத்திரம் பெற்ற மேலாள், இரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியிலோ உள்ளூர்க் கடையிலோ இருந்து கொடுக்கல் வாங்கல் நடத்துவார். தவணை முடிந்ததும் ஊர் திரும்புவார்.

அவர்களது தொழிலுக்கு நிலம் இலக்கன்று. சுற்றிவர வேண்டிய பணம் வயலில் முடங்குவதை எந்த வட்டிக்கடையும் விரும்பவில்லை. 1930ஆம் ஆண்டையொட்டி உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த வயல்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு நகரத்தாரிடம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடாயிற்று. தந்தையர் காடு திருத்திய வயலில் மகன் குத்தகையாளாக நின்றான். அவன் கண்ணில் பட்டது உலகச் சந்தையன்று, கடைக்காரரின் கணக்கேடே. 1930 திசம்பரில் வெடித்த சாயா சான் கிளர்ச்சிக்குப் பின்னும் அந்தச் சினம் தணியவில்லை.

இதற்கிடையே சட்டத்தின் தரை மாறியது. 1937 மார்ச் 31 வரை பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் பத்திரம் பதிவதற்கும் இரங்கூனில் பதிவதற்கும் அடிப்படை வேறுபாடு இல்லை. மறுநாள், ஏப்ரல் 1 அன்று, பர்மா தனி ஆட்சிப் பகுதியாயிற்று. மேலாள் அதே கடையில் அதே பெட்டியடியில் அமர்ந்திருந்தார். ஆயினும் அவரது முதலாளி இப்போது வேறு நாட்டில் இருப்பவர்.

தொடர்ந்து வந்த சட்டங்களின் சொல்லாட்சி நோக்கத்தக்கது. 1941ஆம் ஆண்டு நில உரிமை மாற்றச் சட்டம் 'இந்தியர்' என்றோ 'அயலார்' என்றோ பேசாமல், 'உழவர்', 'உழவரல்லாதார்' என்று பிரித்தது. இனச்சார்பற்றதாகத் தோன்றும் அந்த வரையறைக்குள் முதலில் அகப்பட்டவர்கள் நகரத்தாரே. போர் மூண்டதால் அச்சட்டம் முழுமையாகச் செயற்படவில்லை. 1942இல் சப்பானியப் படை நுழைந்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். பலர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர்.

போர் முடிந்து திரும்பியோருக்கு வயல் இருந்தது, உரிமை நிலைக்கவில்லை. 1947ஆம் ஆண்டு அரசமைப்பு, எல்லா நிலத்துக்கும் இறுதி உடைமையாளர் அரசே என்று அறிவித்தது. அதே ஆண்டில் அயலாருக்கு அசையாச் சொத்தை மாற்றித் தருவதும் தடுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டு நில நாட்டுடைமைச் சட்டம் உழவரல்லாதாரின் வயல்களை எடுத்துக்கொண்டது. இழப்பீடு சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. இழந்ததற்கு ஈடாக அது பலர் கைக்கும் வந்து சேரவில்லை. பத்திரங்கள் செட்டிநாட்டு வீடுகளின் பெட்டிகளில் தங்கின.

எல்லை நகர்ந்தால் உடைமை அழியத்தான் வேண்டுமா? சித்தூர் மாவட்டத்தின் வரலாறு வேறு விடை தருகிறது. 1953 அக்டோபர் 1 அன்று அம்மாவட்டம் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. புத்தலப்பட்டு ஆந்திரத்திலேயே நின்றது. அலுவலக மொழி மாறியது, தலைநகர் மாறியது. ஆனால், புத்தலப்பட்டில் நிலம் வைத்திருந்த தமிழர் எவரும் அதனால் தம் பட்டாவுக்கு அயலாராகவில்லை. இரு மாநிலங்களுக்கும் மேலே ஒரே குடியுரிமையும் ஒரே அரசமைப்பும் இருந்தன. பர்மாவில் கோடு விழுந்தபோது அத்தகைய பொதுக்கூரை இல்லை.

இன்றைய இந்தியச் சட்டம் இந்த இடைவெளியை ஓரளவு அறிந்தே எழுதப்பட்டுள்ளது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் இங்கு வீடு வாங்கலாம். வேளாண் நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க இயலாது. ஆயினும் 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6(5) பிரிவு, இந்தியாவில் வசித்தபோது பெற்ற சொத்தையும், இங்கு வசித்தவரிடமிருந்து மரபுரிமையாகப் பெற்ற சொத்தையும் வெளிநாடு சென்ற பின்னும் வைத்திருக்க இடமளிக்கிறது. நிலை மாறுவதற்கு முன் பெற்றதைக் காக்கும் அந்த ஒரு விதி, 1937இன் மேலாளுக்கு இருந்ததில்லை.

மியன்மரிலோ, 1947இன் தடை 1987ஆம் ஆண்டுச் சட்டமாகத் தொடர்ந்தது. 2016இல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 40 விழுக்காடு வரை அயலாருக்குத் திறந்துவிடப்பட்டபோதும், வயல் திறக்கப்படவில்லை. வெளிநாட்டில் சொத்து வாங்குவோர் விலையையும் பத்திரத்தையும் ஆராய்வதோடு, அந்நாட்டில் நிலமின்றி நிற்பவர் யார், அவர் ஆட்சிக்கு வரும் நாளில் 'உடைமையாளர்' என்ற சொல்லை எப்படி வரையறுப்பார் என்பதையும் ஆராய வேண்டும் என்பதே நகரத்தார் ஏடுகள் விட்டுச்சென்ற பாடம்.