தகடூரில் ஒரு 'அவன்'

ஆங்கில வாக்கியத் திருத்தப் பயிற்சிகளில் தவறாமல் இடம்பெறும் வினா ஒன்று உண்டு. குமரன் முருகனைச் சந்தித்தபோது அவன் கோபமாக இருந்தான் என்றால் கோபம் யாருக்கு? சுட்டுப்பெயருக்கு முன் இரண்டு பெயர்கள் நிற்கின்றன. ஆகவே உரிய பெயரையே மீண்டும் எழுதுக என்பது விடை. இதனை ஆங்கிலத்துக்கே உரிய சிக்கல் என்று நம் மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

தொல்காப்பியர் இதனைச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார். இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருங்கே வருமிடத்து இயற்பெயர் முன்னும் சுட்டுப்பெயர் பின்னும் வரவேண்டும் என்பது அவர் விதி. செய்யுளில் மட்டும் சுட்டு முற்பட வரலாம் என்று விலக்கும் தருகிறார். யாரென்று அறிவித்த பின்னரே 'அவன்' என்க என்பதுதான் இதன் சாரம்.

இவ்விதியின் அருமையை உணரத் தகடூருக்கு, அதாவது இன்றைய தருமபுரிக்கு வரவேண்டும். அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் 87ஆம் பாட்டில் தொடங்குகின்றன. அதன் அடிக்குறிப்பில் இருவர் பெயரும் உண்டு. அடுத்து வரும் பாடல்களின் குறிப்புகளிலோ பெயர் மறைந்து, அரசன் 'அவன்' என்றும் புலவர் 'அவர்' என்றும் மட்டுமே சுட்டப்படுகின்றனர். ஏடு முழுதாக இருக்கும்வரை இதில் இடரில்லை. ஆனால் 1894இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை என்பதை நினைவு கூர்க. 87ஆம் பாட்டின் ஏடு அவ்வாறு அழிந்திருந்தால், பாட்டினுள்ளே பெயர் வந்தாலன்றி, அந்த 'அவன்' யாரென்று எவ்வாறு துணிவது?

95ஆம் பாட்டில் இவ்வினா கூர்மை பெறுகிறது. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்கு அவனது படைக்கலக் கொட்டில் காட்டப்படுகிறது. 'இவை' மயிற்பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் உள்ளன. 'அவை' பகைவரைக் குத்தி, நுனி முரிந்து, கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார் அவர். பாட்டில் இரு மன்னர் பெயரும் இல்லை. புகழ்வதுபோல் பழித்து, பழிப்பதுபோல் புகழ்ந்து, போரைத் தடுக்க முனையும் சொல்வன்மை முழுவதும் இரண்டு சுட்டுகளின் மேல் நிற்கிறது. அண்மைச் சுட்டு யாருக்கு, சேய்மைச் சுட்டு யாருக்கு என்று மாறிவிட்டால் புகழும் இகழும் இடம் மாறிவிடும். குறிப்போ, 'அவன்' தூது விட்டதாகவே தொடங்குகிறது! அந்த அவனைத் தேடி நாம் 87க்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

ஏட்டில் 'அவன்' ஆகிவிட்ட அதே பெயர் கல்லில் முழுமையாக நிலைத்தது. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு குறிப்பிடும் சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் விவாதப் பொருளாக இருந்தது. 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்பிராமிக் கல்வெட்டு, சத்தியபுத்திரன் என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கியிருந்தது. பெயர் முன்னே நின்றதால் ஐயம் தீர்ந்தது.

வாக்கியத் திருத்தம் மதிப்பெண்ணுக்கான பயிற்சி மட்டுமன்று. நமக்கு அருகில் இருப்பவன் 'அவன்' என்றாலே புரிந்துகொள்வான். காலத்தால் சேய்மையில் இருப்பவனுக்குப் பெயர் வேண்டும்.