வாசற்படிக்கும் மருத்துவமனைக்கும் இடையே

சில ஆண்டுகளுக்கு முன்னர், மதுரைக்கு மேற்கேயுள்ள கிராமப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றியபோது, ஆலய வளாகத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் ஒன்று நடைபெற்றது. மூன்று ஞாயிறுகள் திருப்பலியின் முடிவில் அதை அறிவித்தோம். ஒலிபெருக்கி கட்டிய வண்டி அக்கம்பக்கத்து ஊர்களையெல்லாம் சுற்றி வந்தது. முகாம் நாளன்று திரண்டிருந்த கூட்டத்தைக் கண்டு மனநிறைவு கொண்டோம்.

அடுத்து வந்த முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்றோம். ஊரின் கடைசித் தெருவில், இரு விழிகளிலும் வெண்மை படர்ந்த மூதாட்டி ஒருவர், நம் காலடி ஓசையைக் கேட்டு, "சாமி, கண்ணு பாக்க டாக்டருங்க வந்தாங்களாமே?" என்று வினவினார். "நீங்கள் ஏன் வரவில்லை, பாட்டி?" என்றோம். "யாரு சாமி கூட்டிட்டு வருவா? மகனும் மருமகளும் விடியுமுன்னே வேலைக்குப் போயிருதுக. எனக்காக ஒரு நாள் கூலிய விடச் சொல்ல முடியுமா? இருக்கிற காலத்துக்கு இது போதும்" என்றார்.

அவருடைய குடிசையிலிருந்து நம் ஆலய வளாகம் அரை மைல் தொலைவுகூட இல்லை. பணம் ஏதும் கேட்கப்படவில்லை. எனினும் அவர் வரவில்லை. அன்றுமுதல் நம்மை விட்டு நீங்காத வினா இதுதான்: ஏழையின் வாசற்படிக்கும் மருத்துவமனைக்கும் இடையே உள்ள தொலைவை எதைக் கொண்டு அளப்பது? நமது மதுரை மண்ணின் அண்மைக்கால வரலாற்றில் இவ்வினாவுக்கு ஒரு விடை எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சற்று திரும்பிப் பார்ப்போம்.

கண்புரை என்பது விழியினுள் இருக்கும் இயற்கை வில்லை மங்கிப்போவது. மருந்தால் அது தீராது. அறுவைச் சிகிச்சையால் தீரும். இந்நாட்டில் பார்வையிழந்தோரின் பெருந்தொகைக்கு இதுவே காரணம். ஆகவே தீர்க்கக்கூடிய இருளில்தான் நம் முதியோர் பலர் வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர்.

இவ்விருளை நீக்க முனைந்தோருள் முதலில் நினைக்கத்தக்கவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918ஆம் ஆண்டு கரிசல் மண்ணின் வடமலாபுரத்தில் வேளாண் குடும்பமொன்றில் பிறந்தவர். இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கியதால் 1948இல் அப்பணியை விட்டு வெளியேறினார். கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளைத் தாமே வகுத்துக்கொண்டு, கண் அறுவை பயின்று, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சிகிச்சைகளைச் செய்து முடித்தார். 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் அரசு எர்ஸ்கின் மருத்துவமனையிலும் கண் மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். இன்று இராஜாஜி பெயரைத் தாங்கி நிற்பது அதே மருத்துவமனைதான்.

மருத்துவமனையின் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் போதாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். சிறுவயதிலேயே பார்வையிழந்து, பின்னர் உலகெங்கும் பார்வையற்றோருக்காக உழைத்த ஆங்கிலேயரான ஜான் வில்சனின் தொடர்பு 1960களில் அவருக்குக் கிடைத்தது. கிராமங்களை நாடிச் செல்லும் கண் முகாம்கள் இப்பகுதியில் வேரூன்றின. 1972இல் தமிழக அரசு கண்ணொளித் திட்டத்தின் வழியாக அம்முகாம்களை மாநிலமெங்கும் விரித்தது. 1976இல் நடுவண் அரசு பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதே ஆண்டில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி, மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவினார். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர்தம் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் துணை நின்றனர். வசதியுள்ளோர் கொடுக்கும் கட்டணத்தைக்கொண்டு வசதியற்றோருக்கு இலவசமாகச் சிகிச்சை செய்வதே அவர்கள் வகுத்த வழி.

ஆயினும் இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதி, தாம் எங்கே தவறுகிறோம் என்று அவர்கள் தேடிப் பார்த்ததே என்போம். இலவசம் என்று அறிவித்தும் மக்கள் வராதது ஏன்? 90 கிராமங்களில் நடத்தப்பெற்று 1991இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தேடியது. சில ஊர்களில் அறுவை மட்டும் இலவசம். வேறு சில ஊர்களில் உணவும் பயணமும் சேர்த்து முழுச் செலவும் ஏற்கப்பட்டது. முழுச் செலவும் ஏற்கப்பட்ட ஊர்களில் கூடுதலானோர் முன்வந்தனர். ஏற்கெனவே சிகிச்சை பெற்றுப் பார்வை திரும்பிய ஒருவரே வீடு தேடிச் சென்று பேசியபோதும் நல்ல பயன் விளைந்தது. 1999இல் மதுரை வட்டாரக் கிராமங்களைப் பற்றி வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் கசப்பான உண்மையைக் கூறிற்று. முகாம் நடந்த ஊர்களிலேயே, கண்ணில் குறையுள்ள பெரியவர்களுள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வந்திருந்தனர். அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு, 'வயதாகிவிட்டது, இனி எதற்கு?' என்னும் சலிப்பு ஆகியவை மற்றவர்களைத் தடுத்து வைத்திருந்தன. நம் பங்கின் மூதாட்டி கூறியவையும் இவைதாமே!

நோய் எதுவென்று தெரிந்தபின் மருந்து தேடுவது எளிதாயிற்று. முற்காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் சத்திரங்களிலும் அறுவை செய்யும் வழக்கம் இருந்தது. அதில் நோய்த்தொற்றின் அபாயமும் இருந்தது. ஆதலால் முகாமில் பரிசோதனை மட்டும் நடத்தி, அறுவை தேவைப்படுவோரை அன்றே பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, உணவும் இடமும் தந்து, சிகிச்சைக்குப்பின் ஊரிலேயே கொண்டுவந்து விடும் முறை நிலைபெற்றது. இடம் தருவதும் செய்தி பரப்புவதும் உள்ளூர் அமைப்புகளின் பொறுப்பு. அரிமா சங்கமும் ரோட்டரி சங்கமும் பள்ளிகளும் ஆலயங்களும் இதில் கைகோத்தன. ஸ்ரீ அரவிந்தரின் அடியார் நிறுவிய மருத்துவமனையின் வண்டி கத்தோலிக்க ஆலய வளாகத்தில் வந்து நின்றபோது, எவரும் எவர் சமயத்தையும் வினவவில்லை.

சிகிச்சையின் தரமும் உயர வேண்டியிருந்தது. அந்நாளில் மங்கிய வில்லையை எடுத்தபின் தடித்த கண்ணாடி ஒன்றையே கொடுப்பர். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மீண்டும் இருள்தான். விழிக்குள்ளேயே பொருத்தும் செயற்கை வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தபோது, அதன் விலை ஏழைக்கு எட்டாததாயிருந்தது. 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம், அதை மிகக் குறைந்த விலையில் இங்கேயே செய்தது. 1994 முதல் 2002 வரை உலக வங்கியின் உதவியோடு தமிழகம் உட்பட ஏழு மாநிலங்களில் கண்புரை ஒழிப்புத் திட்டம் நடைபெற்றது. மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்கிய பார்வையிழப்புத் தடுப்புச் சங்கங்கள், அரசு மருத்துவமனைகளையும் தொண்டு நிறுவனங்களையும் ஒரே மேசையில் அமர்த்தி, இலவசச் சிகிச்சைகளுக்கு மானியமும் வழங்கின. 2004 முதல் சிற்றூர்களுக்கு அருகிலேயே 'விஷன் சென்டர்' எனப்படும் கண் பரிசோதனை மையங்கள் எழலாயின. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்க, நகரிலிருக்கும் மருத்துவர் கணினித் திரை வழியாக நோயாளியோடு பேசுகிறார். அரவிந்த் நடத்தும் இத்தகைய மையங்கள் இன்று நூற்றுக்கும் மேல்.

டாக்டர் வெங்கடசாமி 2006இல் மறைந்தார். 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வின்படி, நாட்டு மக்களுள் பார்வையிழந்தோர் நூற்றுக்கு 0.36 என்ற அளவுக்குக் குறைந்துள்ளனர். 2006-07இல் அது நூற்றுக்கு ஒன்றாய் இருந்தது. மகிழத்தக்க செய்திதான். ஆயினும் 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குக்குக் கண்புரையே இன்றும் காரணம் என்று அதே ஆய்வு கூறுகிறது. அதாவது, தீர்க்கக்கூடிய இருள் இன்னும் தீரவில்லை. இதனோடு நீரிழிவினால் வரும் விழித்திரை நோயும் கண் அழுத்த நோயும் சேர்ந்துள்ளன. இவை வெண்மையாய் வெளியே தெரிவதில்லை. வலியின்றியே பார்வையைக் கவர்ந்து செல்லும். ஒரு முறை பேருந்தில் அழைத்துச் சென்றால் முடிந்துவிடும் காரியமுமன்று. ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். ஆண்டுதோறும் யாரேனும் உடன் செல்ல வேண்டும்.

இந்த 'யாரேனும்' என்ற சொல்லில்தான் நம் கடமை அடங்கியிருக்கிறது. மருத்துவர் முகாம் வரை வருவார். அரசு மானியம் தரும். முகாமுக்கும் மூதாட்டியின் திண்ணைக்கும் இடையே எஞ்சியிருக்கும் அந்த அரை மைலை அண்டை அயலார்தாம் நடந்து கடக்க வேண்டும். எரிக்கோ வீதியில் பார்வையற்றவரை அதட்டி அடக்கியதும், பின்னர் அவரை எழுப்பி அழைத்ததும் அதே கூட்டந்தான் அன்றோ?

நம் பங்கில் மறு ஆண்டு மீண்டும் முகாம் வந்தது. இம்முறை ஒலிபெருக்கியை மட்டும் நம்பவில்லை. மரியாயின் சேனையினர் தெருத்தெருவாகச் சென்று கண் மங்கியவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டனர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அழைத்துச் செல்பவரின் பெயரும் எழுதப்பட்டது. முந்திய ஆண்டு சிகிச்சை பெற்ற பெண்மணி ஒருவர் அந்த மூதாட்டியின் அருகே அமர்ந்து, "நான் போயிட்டு வரலையாக்கா? ஊசி போடுறதுதான் தெரிஞ்சுச்சு, வேறொண்ணும் தெரியல" என்று கூறினார். நாம் கொடுத்த எந்த அறிவுரைக்கும் அசையாதவர், அச்சொல்லுக்கு அசைந்தார்.

மருத்துவர் சோதித்துவிட்டுச் சொன்னது இது: ஒரு கண்ணுக்குப் பார்வை திரும்பும், மற்றொன்றில் முற்றிய புரையினால் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுவிட்டது, சென்ற ஆண்டே வந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம். சொன்னபடியே ஒரு கண் திறந்தது. கட்டு அவிழ்ந்து ஊர் திரும்பியவர், நம்மைக் கண்டதும், "சாமிக்கு முடியெல்லாம் இம்புட்டு நரைச்சுப் போச்சா!" என்று சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆனால் நாம் அறிவித்ததோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணியிருந்த அந்த ஓராண்டு, அவருடைய மற்றொரு கண்ணை எடுத்துக்கொண்டது என்பதை நாம் மறக்கவில்லை.

அன்பார்ந்தவர்களே, உங்கள் தெருவில் சுவரைத் தடவி நடப்பவர் யார்? அவரோடு ஒரு நாள் உடன் செல்லக்கூடியவர் யார்? அந்த நாளின் கூலியை ஈடுசெய்யக்கூடியவர் யார்? இம்மூன்று பெயர்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முகாம் வரும் நாள்வரை காத்திராதீர்கள்.