பெயர் கூறாத கொடை

ஒரு பள்ளியின் பெருமையை எவ்வாறு அளப்பது? தேர்வில் முதன்மை பெற்றோரின் தொகையைக் கொண்டு அளப்பவர் உண்டு. பெரும் பதவி பெற்றோரின் பெயர்களைச் சுவரில் பொறித்து வைத்து அளப்பவரும் உண்டு. இவ்விரண்டும் தவறல்ல. ஆயினும், வரலாறு கற்பிக்கும் தொழிலில் இருக்கும் எனக்கு மூன்றாவது அளவுகோல் ஒன்று தோன்றுகிறது. பள்ளியை விட்டு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் சென்றபின், அங்குப் படித்தவர் தம் அறிவை யாருக்காகச் செலவிடுகிறார் என்பதே அது. இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரிலுள்ள ரீஜிஸ் உயர்நிலைப் பள்ளி என்னும் கத்தோலிக்கப் பள்ளியைப் பற்றி இன்று உங்களிடம் பேச விழைகின்றேன்.

அப்பள்ளி இயேசு சபைத் துறவியரின் பள்ளி. அவர்கள் நமக்கு அயலார் அல்லர். 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த தூய வளனார் கல்லூரியும், 1923இல் பாளையங்கோட்டையில் எழுந்த தூய சவேரியார் கல்லூரியும், 1925இல் சென்னையில் எழுந்த லயோலாக் கல்லூரியும் அச்சபையார் நிறுவியவையே. ஆதலின், கடல் கடந்த இப்பள்ளியின் கதை நமக்கு உறவினர் வீட்டுச் செய்தி போன்றது.

கதையைச் சற்று முன்னிருந்து தொடங்குதல் வேண்டும். லயோலா இஞ்ஞாசியார் தோற்றுவித்த இயேசு சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்த ஆண்டு 1540. எட்டு ஆண்டுகள் கழித்து, 1548இல், சிசிலித் தீவின் மெசினா நகரில் பொதுமக்களின் பிள்ளைகளுக்காக அச்சபையார் ஒரு பள்ளி திறந்தனர். அப்பள்ளிக்கும் அதன் வழியே பின்னர்த் தோன்றிய பள்ளிகளுக்கும் ஒரு விதி இருந்தது. மாணவரிடம் கட்டணம் வாங்கலாகாது என்பதே அவ்விதி. ஊராரோ, அரசரோ, செல்வரோ முன்கூட்டியே முதல் வைத்துக் கொடுத்தாலன்றிப் பள்ளி திறப்பதில்லை. கல்வியை விலைக்கு விற்பதில்லை என்னும் உறுதியே இதற்குக் காரணம்.

இவ்விதி அமெரிக்க மண்ணில் நிலைக்கவில்லை. அங்கே முதல் வைத்துக் கொடுக்கும் அரசரும் இல்லை. நகர மன்றங்களும் இல்லை. எனவே 1833இல் அமெரிக்கப் பள்ளிகள் மட்டும் கட்டணம் பெற்றுக்கொள்ளலாம் எனத் திருத்தந்தை விதிவிலக்கு அளித்தார். அதன் பின்னும் கடன் தீரவில்லை. 1838இல் மேரிலாந்து மாநிலத்து இயேசு சபையார் தம் பண்ணைகளில் அடிமைகளாக வைத்திருந்த ஆண், பெண், குழந்தை எனக் கறுப்பின மக்கள் 272 பேரை லூசியானாப் பண்ணை முதலாளிகளுக்கு விற்றனர். அப்பணத்தில் ஒரு பகுதி, தங்கள் ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கச் சென்றது. இதற்காக இயேசு சபையாரும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தாரும் அம்மக்களின் வழித்தோன்றல்கள்முன் மன்னிப்புக் கேட்டது 2017இல். இடையே ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஓடிவிட்டன.

பள்ளியின் பெருமை பேசவந்த இடத்தில் இதனை ஏன் கூறுகிறேன் என்று நீங்கள் வினவலாம். ஒவ்வொரு கல்விக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார் என்பதை இவ்வொரு நிகழ்ச்சி நமக்கு மறக்கவொண்ணாதபடி காட்டுகிறது. சிலர் மனமுவந்து கொடுக்கின்றனர், சிலரிடமிருந்து பறிக்கப்படுகிறது. மாணவன் அறிந்தாலும் அறியாவிட்டாலும் அவன் கடன்பட்டவனே. இனிக் கூறப்போகும் பள்ளியின் சிறப்பு, அக்கடனை மாணவனுக்கு உணர்த்தியதிலேதான் இருக்கிறது.

நியூயார்க் நகரின் மேயராக இருந்தவர் ஹியூ கிராண்ட். அவர் 1910இல் காலமானார். அவர்தம் துணைவியார் ஜூலியா கிராண்ட் அம்மையார், கணவர் விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டு, பொருள் வசதியற்ற கத்தோலிக்கச் சிறுவர்கள் கட்டணமின்றிப் பயிலும் உயர்தரப் பள்ளி ஒன்று அமையவேண்டும் என விரும்பினார். இயேசு சபையாரிடம் பெரும்பொருளை ஒப்படைத்தார். அவர் விதித்த நிபந்தனை, தம் பெயர் வெளிவரலாகாது என்பது. அவ்வாறே 1914இல் மன்ஹாட்டன் பகுதியின் 84ஆம் தெருவில் பள்ளி திறக்கப்பட்டது. ஏழைகளுக்கு உழைத்த பிரெஞ்சுத் துறவி ஜான் பிரான்சிஸ் ரீஜிஸ் என்பாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கொடுத்தவர் யார் என்பது நெடுங்காலம் மாணவர்க்குத் தெரியாது.

பெயர் தெரியாத கொடையில் ஒரு நுட்பம் உண்டு. கொடுத்தவர் இன்னார் எனத் தெரிந்தால், அவரிடம் சென்று நன்றி கூறிவிடலாம், கணக்குத் தீர்ந்துவிடும். தெரியாவிட்டால் கடனைத் திருப்பிக் கொடுக்க முகவரி இல்லை. வழியில் எதிர்ப்படும் வேறு யாருக்கேனும்தான் அதனைச் செலுத்தவேண்டும். இவ்வுணர்வு ரீஜிஸ் மாணவரிடையே வழிவழியாக ஊட்டப்பட்டது. அப்பள்ளியில் இன்றளவும் கட்டணம் இல்லை. தொடக்கத்தில் கிடைத்த முதலோடு, பழைய மாணவர்கள் அளிக்கும் நன்கொடையும் சேர்ந்தே அதனைத் தாங்கி வருகிறது. வசதி குறைந்த குடும்பத்துச் சிறுவரை உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆயத்தம் செய்யும் தனி வகுப்புகளையும் பள்ளி 2002 முதல் நடத்தி வருகிறது.

அங்குப் படித்த ஒருவரின் வாழ்வை எடுத்துக்கொள்வோம். அவர் மருத்துவர் ஆந்தணி பௌச்சி. 1940இல் புரூக்ளின் பகுதியில், இத்தாலிய மரபினரான குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் மருந்துக்கடை நடத்தினார். சிறுவனான பௌச்சி மிதிவண்டியில் சென்று நோயாளர் வீடுகளில் மருந்து சேர்ப்பித்து வருவார். நுழைவுத் தேர்வில் தேறி ரீஜிஸ் பள்ளியில் சேர்ந்த பின், நாள்தோறும் பாதாள இரயிலில் நெடுநேரம் பயணம் செய்து மன்ஹாட்டன் போய் வந்தார். இலத்தீனும் கிரேக்கமும் கற்றார். உயரம் குறைந்தவராயினும் கூடைப்பந்துக் குழுவின் தலைவராக விளங்கினார். 1958இல் பள்ளிக் கல்வியை முடித்தார். தெளிவாக எண்ணுதல், சுருங்கச் சொல்லுதல் ஆகிய இரண்டையும் இயேசு சபையாரிடமே கற்றதாக அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். பிறர்க்குத் தொண்டு செய்யும் எண்ணம் வேரூன்றியதும் அங்கேதான் என்றும் சொல்லியிருக்கிறார்.

1966இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1968இல் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் ஆய்வுப் பணி ஏற்றார். 1981இல் இளைஞர் சிலர் இனம் தெரியாத நோயால் இறப்பதாகச் செய்தி வந்தது. பின்னர் எய்ட்ஸ் எனப் பெயர் பெற்ற நோய் அதுவே. அந்நோயாளரைத் தொடவும் பலர் அஞ்சிய காலம். நன்கு நடந்துகொண்டிருந்த தம் பழைய ஆய்வை விட்டுவிட்டு, பௌச்சி இந்நோயின் பக்கம் திரும்பினார். நண்பர்கள் தடுத்தும் கேட்கவில்லை. 1984இல் ஒவ்வாமை, தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் தலைவரானார். 2022 வரை அப்பொறுப்பை வகித்தார்.

அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி வேறொன்று. அரசு மெத்தனமாக இருக்கிறது என்று நோயாளரும் அவர்தம் நண்பரும் வீதியில் இறங்கினர். 1988இல் எழுத்தாளர் லாரி கிரேமர் செய்தித்தாளில் பகிரங்கக் கடிதம் எழுதி, பௌச்சியைக் கொலைகாரர் என்றே சாடினார். 1990இல் அவர் பணியாற்றிய வளாகத்தையே போராட்டக்காரர் முற்றுகையிட்டனர். ஏச்சைக் கேட்டவர் என்ன செய்தார்? அவர்களுள் சிலரை அழைத்துத் தம்மெதிரே அமர்த்தி, அவர்கள் கூற்றில் உண்மை உளதா என ஆராய்ந்தார். உண்மை இருந்தது. ஆய்வில் சேர வாய்ப்பில்லாத நோயாளர்க்கும் புது மருந்து கிடைக்க வழி வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கையை அவர் ஆதரித்தார். கிரேமரும் அவரும் பின்னாளில் நண்பராயினர். எதிரியின் வாதத்தை அவரினும் தெளிவாக எடுத்துரைக்கப் பழகுவதே இயேசு சபைப் பள்ளிகளின் பழைய பயிற்சி முறை. அப்பயிற்சி வாதப் போட்டியில் பரிசு வாங்க மட்டுமன்று, உயிர் காக்கவும் உதவும் என்பது இங்கே புலனாகிறது.

2003இல் ஏழை நாடுகளின் எய்ட்ஸ் நோயாளர்க்கு மருந்து வழங்க அமெரிக்க அரசு தொடங்கிய பெருந்திட்டத்தை வகுத்தவருள் அவர் முதன்மையானவர். 2014இல் எபோலா நோயுற்ற செவிலியர் ஒருவர் அவர் நிறுவனத்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். அப்போது பௌச்சிக்கு வயது 73. தாம் செய்யத் துணியாத வேலையைத் தம்கீழ் உள்ளோர் செய்யவேண்டும் எனக் கேட்பது முறையன்று எனக் கருதி, பாதுகாப்பு உடை அணிந்து தாமே உள்ளே சென்று சிகிச்சையில் பங்கு கொண்டார். இத்தனைக்கும், சமயச் சடங்குகளில் தமக்கு இப்போது ஈடுபாடு குறைந்துவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். சடங்கு குறைந்தது; தொண்டு குறையவில்லை.

இவையனைத்தும் பள்ளியால் மட்டுமே விளைந்தன என்று கூறிவிடலாமா? வரலாற்று மாணவன் அவ்வாறு துணிந்து கூறமாட்டான். மருந்து சுமந்த மிதிவண்டிக்கும் அதில் பங்கு உண்டு. இயேசு சபைப் பள்ளியில் படித்தவரே வால்டேர். அவர் திருச்சபையின் கடும் எதிரியானார். ஹவானாவின் பெலென் பள்ளியில் படித்தவரே பிடல் காஸ்ட்ரோ. அவர் ஆட்சிக்கு வந்தபின் அப்பள்ளியே பறிமுதலாயிற்று. ரீஜிஸ் பள்ளியிலும் எல்லாரும் நிலைக்கவில்லை. புகழ்பெற்ற செய்தியாளராக விளங்கிய பீட் ஹாமில், அங்குச் சேர்ந்து இடையிலேயே விலகிக் கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குப் போனவர். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்தபின், 2010இல், பள்ளி அவருக்கு மதிப்புறு சான்றிதழ் வழங்கிற்று. பள்ளி விதைக்கலாம், முளைப்பது மண்ணையும் மழையையும் பொறுத்தது.

இதனை அச்சபையாரே வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நாள் ஒன்று உண்டு. 1973ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில், ஐரோப்பிய இயேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர் மாநாடு கூடியது. சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே பேச எழுந்தார். அவர் யார்? மாட்ரிட் நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தவர், அதனை விடுத்துத் துறவியானவர். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு விழுந்தபோது அந்நகரின் புறத்தே துறவுப் பயிற்சி இல்லத்தின் பொறுப்பாளராக இருந்தவர். அவ்வில்லத்தையே மருத்துவமனையாக்கி, காயமுற்றோர் ஏறத்தாழ 150 பேரைக் காத்துப் பேணியவர்.

அத்தகையவர் அவையில் ஒரு வினா எழுப்பினார். உங்களை நீதிக்காக உழைப்போராக நாங்கள் உருவாக்கினோமா என்பது வினா. செல்வரும் அதிகாரிகளும் நிறைந்திருந்த அந்த அவையில் இல்லை என்றே தாமே விடை கூறினார். பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே இனி நம் கல்வியின் நோக்கம் ஆகவேண்டும் என்றார். பாராட்டு மொழி கேட்க வந்தவருள் சிலர் சினங்கொண்டனர். ஆனால் அப்பேச்சு பள்ளிகளை மாற்றியது. 1980இல் அமெரிக்க இயேசு சபை உயர்நிலைப் பள்ளிகள், தம் மாணவன் வெளியேறும்போது எவ்வாறு இருத்தல் வேண்டும் என ஐந்து இயல்புகளை வகுத்தன. வளர்ச்சிக்கு மனம் திறந்திருத்தல், அறிவாற்றல், இறைப்பற்று, அன்பு, நீதி செய்யும் உறுதி என்பன அவ்வைந்து. முதியோர் இல்லத்திலும் உணவுச் சாலையிலும் மருத்துவமனையிலும் குறித்த காலம் தொண்டு செய்தல் பல பள்ளிகளில் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. பிறருக்கான மனிதர் என்ற தொடர், பெண்களையும் உட்படுத்திப் பின்னர் விரிவு பெற்றது.

மாணவச் செல்வங்களே, தொண்டு என்பது மேடைப் பேச்சால் வருவதன்று. கட்டாயத்தால் வந்த தொண்டு, சான்றிதழ் கிடைத்த அன்றே முடிந்துபோகும். நான் படித்தது யாருடைய பொருளில் என்னும் வினா ஒருவன் உள்ளத்தில் எழுமானால், அதற்கு விடை தேடும் முயற்சியே தொண்டாக மலரும். ரீஜிஸ் பள்ளிச் சிறுவனுக்கு அவ்வினா எளிதில் எழுந்தது. ஏனெனில் கொடுத்தவர் ஒருவர் இருந்தார், அவர் பெயர் மட்டும் தெரியவில்லை.

உங்களுக்கும் அவ்வாறே. நீங்கள் அமர்ந்து பயிலும் வகுப்பறையின் செங்கல்லுக்கும், ஆசிரியரின் ஊதியத்திற்கும், நூலகத்தின் நூலுக்கும் பொருள் கொடுத்தோர் பல்லாயிரவர். தீப்பெட்டி வாங்கியபோது வரி செலுத்திய உழவரும் கூலியாளரும் அவர்களுள் அடங்குவர். பள்ளி வாசலையே மிதித்தறியாதவரும் அவர்களுள் உளர். அவர்தம் பெயர்கள் எந்தச் சுவரிலும் பொறிக்கப்படவில்லை. அவர்களைத் தேடிச் சென்று நன்றி சொல்ல உங்களால் இயலாது. ஆனால் அவர்களைப் போன்ற ஒருவர், நாளை நீங்கள் மருத்துவராகவோ, வழக்கறிஞராகவோ, அலுவலராகவோ அமர்ந்திருக்கும் மேசைக்கு எதிரே வந்து நிற்பார். பட்ட கடனைத் திருப்பிச் செலுத்தும் இடம் அதுவே.